முத்திரைக்கு முன்னால்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

புதுத் தொட்டியில் தண்ணீர் நிறைத்துச் சோதிக்க நாள் பிடிக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஆபீஸில் பேசுகிறார்கள் என்றாயே, அது மனதை அரிக்கிறது. சர்க்கரை ஆலையில், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டிப் பாகான மொலாசஸ் தொட்டிகளோடு காலம் தள்ளியவன் நான். போனில் சொன்னால் ‘சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்து.

நீ இருக்கும் பாஸ்டனிலேயே, நார்த் எண்டில், கமர்ஷியல் தெருவில் 1915இல் ஓர் இரும்புத் தொட்டி கட்டினார்கள். 50 அடி உயரம், 90 அடி விட்டம். மொலாசஸிலிருந்து ஆல்கஹால், அதிலிருந்து போருக்கு வெடிமருந்து. கட்டுமானத்தை மேற்பார்த்த ஆர்தர் ஜெல் பணக்கணக்குப் பார்க்கிறவர்; வரைபடம் படிக்கத் தெரியாது. சரக்குக் கப்பல் வரும் நாள் நெருங்கவே, ஆறு அங்குலம் தண்ணீர் விட்டுப் பார்த்துச் சோதனையை முடித்துக்கொண்டார். 50 அடித் தொட்டிக்கு ஆறு அங்குலம்! விளிம்புவரை நிறைத்திருந்தாலும் எனக்குத் திருப்தி வராது. மொலாசஸ் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. தகடுகளோ தேவையான தடிமனில் பாதிதான்.

முதலிலிருந்தே ஒழுகியது. தெருப் பிள்ளைகள் டப்பாவில் பிடித்துப் போனார்கள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒழுகல் கண்ணில் படாதபடி தொட்டிக்குப் பழுப்புப் பெயிண்ட் அடித்தது. இதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

1919 ஜனவரி 15 மதியம் தொட்டி பிளந்தது. உள்ளே 23 லட்சம் கேலன். மொலாசஸ் மெதுவாகத்தானே ஓடும் என்பாய். மார்கழிக் காலையில் எங்கள் பம்பே இழுக்கத் திணறும், நிஜம்தான். ஆனால் அத்தனை எடையும் ஒரே நேரத்தில் சரிந்தால் கதை வேறு: 25 அடி அலை, மணிக்கு 35 மைல் வேகம். மேம்பால ரயிலின் இரும்புத் தூண்கள் வளைந்தன. குளிரில் பாகு இறுகிவிட, சிக்கியவர்களை மீட்பதும் பெரும்பாடாயிற்று. 21 பேர் இறந்தார்கள், 150 பேருக்குக் காயம்.

அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள் என்று கம்பெனி சாதித்தது. வழக்கை விசாரிக்க நீதிமன்றம் நியமித்த ஹ்யூ ஆக்டன் ஆண்டுக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டு, தொட்டியே பலவீனமானது என்று 1925இல் சொன்னார். கட்டட வரைபடங்களில் பொறியாளரின் முத்திரை வேண்டும் என்ற விதி உங்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வந்ததற்கு இந்த விபத்தும் காரணம். நீ பரீட்சை எழுதி வாங்கினாயே, அந்த முத்திரைதான்.

மேலதிகாரியிடம் சண்டை வேண்டாம். சோதனையை எப்போது, எவ்வளவு உயரத்துக்கு நிறைத்துச் செய்யப் போகிறார்கள் என்று மின்னஞ்சலில் கேள். பதில் வரும்வரை முத்திரை குத்தாதே. அடித்தகட்டுக்கும் சுவர்த்தகட்டுக்கும் என்ன தடிமன் போட்டிருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல், நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா