கறுப்புக் கோட்டு போடாத வக்கீல்களுக்கு

மதிப்புக்குரிய மேடத்துக்கும், கூட வந்த இரண்டு தம்பிகளுக்கும்,

கோவையிலிருந்து, சிறப்புக் குழந்தைகளைப் பெற்ற எங்கள் பெற்றோர் குழுவின் வணக்கம். கம்பெனியின் சட்டப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்கு உதவ வந்தீர்கள். கம்பெனி பெயரும் வேண்டாம், எங்கள் பெயரும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் நன்றி சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே!

என் மகனுக்கு ஆட்டிசம். போன வருஷம் 18 முடிந்தது. அடுத்த மாதமே பேங்கில், "இனி அவருக்காக நீங்க கையெழுத்துப் போட முடியாதுங்க, கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்றார்கள். பெற்றவளுக்கு எதற்குச் சர்டிபிகேட் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கேஸ் போட வேண்டும், வருஷக் கணக்கில் இழுக்கும் என்றுகூட ஒருவர் பயமுறுத்தினார்.

நீங்கள் வந்த முதல் சனிக்கிழமையே மேடம் ஒன்றைப் போட்டு உடைத்தீர்கள். சம்பளத்துக்கு முழுநேர வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி 49, அதனால் எங்களால் கோர்ட்டில் நிற்க முடியாது என்று. கோர்ட்டுக்குப் போகாத வக்கீல் எதற்கு என்று பக்கத்திலிருந்தவர் காதில் நான் முணுமுணுத்தது உண்மை. மன்னித்துவிடுங்கள். அடுத்த மூச்சிலேயே, "இதுக்குக் கோர்ட்டே வேண்டாங்க" என்றீர்கள்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை அன்றுதான் கேள்விப்பட்டோம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே சட்டப் பாதுகாவலரை, அதாவது பேங்கில் கேட்ட கார்டியனை, நியமிக்கலாமாம். இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிற சட்டம்!

அப்புறம் ஏழு சனிக்கிழமைகள். கோடிக்கணக்கில் ஒப்பந்தம் படிக்கிற கண்ணால் எங்கள் ரேஷன் கார்டைப் படித்தீர்கள். ஆதாரில் ஓர் இனிஷியல், மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையில் வேறொன்று. இதையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார் சின்னத் தம்பி. என் மகன் அந்தப் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான். மறுவாரம் தம்பி ஒரு டப்பா கலர் பென்சிலோடு வந்தார். இவன் அதை நிறவாரியாக அடுக்கி முடிப்பதற்குள் எங்கள் மனு தயாராகிவிட்டது.

உயில் எழுத முத்திரைத்தாள் வாங்கி வந்த அப்பாக்களைப் பார்த்து மேடம் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள்தான் முக்கியம், உயில்படி சொத்தைப் பெறப் போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள் என்றீர்கள். நமக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கேள்வியை எத்தனையோ ராத்திரி மனதுக்குள் புரட்டியிருக்கிறோம். அதை ஒரு தாளில் எழுதலாம் என்பதே எங்களுக்குப் புதிது.

ஒரு அக்காவின் மகனுக்கு இருப்பது மனநோய். இந்தச் சட்டத்துக்குள் வராது என்று நேராகவே சொன்னீர்கள். அதோடு விடவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று விளக்கி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்களே கூட்டிப் போனீர்கள். அங்கே அவருக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். லீவு போட்டுவிட்டு வந்தீர்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம். 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியல், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கு, இரண்டையும் அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு எக்செல் ஷீட்டும் தமிழில் போட்டுக் கொடுத்தீர்கள்.

தம்பி, அந்த ஷீட்டை மட்டும் இன்னொரு தடவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய போனோடு அதுவும் போய்விட்டது. மேடத்திடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஒரு அம்மா, பெற்றோர் குழுவுக்காக