பேரிஜத்தில் கூடாரம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூடாரத்தில் தங்க எனக்கும் பிடிக்கும். போன தை மாதம் மகனோடு முதுகுப்பை சுமந்து கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் ஒரு முகாமில் தங்கினேன். விடியற்காலையில் கூடாரத் துணியில் பனி உறைந்து மொரமொரவென்று இருந்தது. பக்கத்தில் யாரோ அணைக்காமல் போன அடுப்பு. சாம்பலைக் கிளறினால் பாதி எரிந்த நூடுல்ஸ் உறைகள், அடியில் கங்கு. ஒரு முழம் தள்ளிக் காய்ந்த புல்! குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றி அணைத்தோம்.

அதே மலையில் உள்ள பேரிஜம் ஏரிக்கரையிலும் இரவு தங்க விட வேண்டும் என்கிறார்கள் மகனின் நண்பர்கள். வேண்டவே வேண்டாம். பெரியகுளத்தில் நாங்கள் குடிப்பது அந்த ஏரித் தண்ணீர். பகலில் அனுமதிச் சீட்டோடு பார்த்துத் திரும்பட்டும். தங்க ஆசைப்படுகிறவர்களுக்கு வனத்துறை ஊரை ஒட்டி இடம் ஒதுக்கட்டும். அப்புறம், கொண்டுபோகும் பாட்டில், பாக்கெட்டுகளை எண்ணி, திரும்பும்போது சரிபார்க்கட்டும்.

வாசகி, பெரியகுளம்