மலையகத்துச் சின்ன டவுன்களிலும் வண்டி நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பாலைவனச் சிற்றூர்கள் பற்றிய பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓடுகிறவன் நான். ஓர் ஊரில் நாலு வண்டி நின்றால் அங்குள்ள தேத்தண்ணிக் கடைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியை நட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913இல் 134 பாகை பாரன்ஹைட் வெப்பம் பதிவானது. பாகைக்கு ஓர் அடி என்று கணக்கு. ஓட்மன் என்ற பழைய தங்கச் சுரங்க ஊரில், சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் இன்றும் நடுத்தெருவில் திரிகிறது. அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். லேக் ஹவாசுக்காரர்களோ லண்டன் பாலத்தையே 1968இல் விலைக்கு வாங்கி, கற்களைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் விட என் மனதில் நின்ற ஊர் செலிக்மன். 1978இல் புதிய நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போனதும், பழைய 66ஆம் இலக்கச் சாலை வெறிச்சோடிப் போனது. அங்கே முடிவெட்டும் சலூன் வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடியோ 1987இல் ஊர்க்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். அந்தச் சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கச் சொல்லி அரிசோனா அரசைக் கேட்டு, சாதித்தும் காட்டினார்கள். ஒரு சலூன்காரர் தொடங்கிவைத்த வேலை அது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். என் வேனில் ஏறுகிறவர்கள் கேட்பது நுவரெலியா, எல்ல, சிவனொளிபாதமலை, அவ்வளவுதான். எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் கால் வைக்க இடமிருக்காது. கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிற பெயர்ப்பலகைகள் மட்டும்தான். பயணிகளைக் குறை சொல்ல மாட்டேன். நிற்பதற்கு ஒரு காரணத்தை நாம் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

காரணம் இல்லாமலா போயிற்று? மஸ்கெலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டவுன் 1960களின் கடைசியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மழை பொய்த்து நீர் இறங்கும் காலத்தில் பழைய கோவில் வெளியே வரும். சேறு காய்ந்து வெடித்த தரையில் நடந்து போகலாம். நான் போயிருந்தபோது வயதான ஒரு அம்மா, கையில் குடையோடு, "இதுதான் மெயின் ரோடு, இந்த மூலையில எங்க மாமா கடை" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்தில் நாலு வரிசைச் செங்கல்தான் இருந்தது. என்னோடு வந்த வெளிநாட்டுத் தம்பதி அவரைவிட்டு நகரவே இல்லை. நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். மலைக்குப் போகும் நேரம் தப்பியதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். தோட்டத்து ஆட்களை அவர் எடுத்த படங்களை வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன. அந்தப் படங்களில் நம் மூதாதையரின் முகம் இருக்கிறது, பெரும்பாலும் பெயர் இல்லை. அந்தப் படங்களின் பிரதிகளை டவுனில் ஒரு சின்ன அறையில் மாட்டி வைத்தால் போதும், நான் என் வண்டியை அங்கே நிறுத்துவேன்.

ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்த கல் இருக்கையைப் பார்க்கப் பயணிகள் மலையேறுகிறார்கள், ஏறட்டும். ஆனால் அதே பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் இறந்தது அங்கேதான். டெய்லரைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற வழிகாட்டி கோவிந்தனுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கக்கூடாதா? எனக்கு இது பெரிய மனக்குறை.

செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே அத்தாட்சி இருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். குனிந்து நுழையும் காம்பரா, கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி. நான் அழைத்துப்போனவர்களில் அங்கிருந்து பேசாமல் திரும்பியவர்கள் குறைவு. "எத்தனை பேர் இந்த ஒரே அறையில் இருந்தார்கள்?" என்று கேட்பார்கள். நான் பிறந்ததும் அப்படி ஓர் அறையில்தான் என்று சொல்வேன். அப்புறம் கேள்விகள் நிற்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் பையன்கள் பூங்கொத்தோடு ஓடி வருவார்கள். ஒரு வளைவில் வாங்காவிட்டால் குறுக்குப் பாதையில் இறங்கி அடுத்த வளைவில் நிற்பார்கள். நாலைந்து வளைவு இப்படியே. பயணிகள் கைதட்டிப் படம் எடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. கால் வழுக்கினால் பள்ளம். அந்தப் பிள்ளைகள் ஒரு கடையடியில் நின்று தங்கள் தோட்டத்துக் கதையைச் சொல்லிச் சம்பாதிக்கும் வயது வரும்வரை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். பிழைக்க வேறு வழி டவுனிலேயே இருந்தால் எந்தத் தகப்பன் பிள்ளையை ரோட்டுக்கு அனுப்புவான்?

பெரிய கம்பனிகள் துரைமார் பங்களாக்களையும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் ஹோட்டலாக்கிவிட்டன. நல்ல வேலைதான், நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் அந்தப் பயணி ஹோட்டல் கேட்டுக்குள் போனால் திரும்ப வெளியே வருவது ஊருக்குப் போகும் நாளில்தான். டவுன் கடைத்தெருவுக்கு அவரால் ஒரு பிளேன்டீ வியாபாரம்கூட இல்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இதழில் வாரம் ஒரு சின்ன டவுனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த ஊர்க்காரர்களே எழுதட்டும்: எங்கே நிற்க வேண்டும், என்ன பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எந்தக் கடை ரொட்டி நல்லது. பிரதேச சபைகள் அதைப் பார்த்து மூன்று மொழியிலும் பலகை போடட்டும். ஹயர் ஓடுகிற நாங்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வண்டியில் வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தைப் பழைய மஸ்கெலியா டவுனில் இருந்தவர்களுக்குக் கொடுங்கள். அந்தத் தெருவை நினைவில் வைத்திருக்கிறவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்