மாவு இளகட்டும், பழம் இறுகட்டும்

ஆஸ்டின், டெக்சாஸ்

அன்புள்ள கற்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. இங்கே அக்டோபர் வந்தும் வெயில் இறங்கவில்லை, கோயம்புத்தூரே தேவலை.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு இருபத்தைந்து பேர் வருகிறார்கள், கேக் கடையில் சொல்லியாகிவிட்டது, கூடவே பழம் வைத்த பன் மட்டும் வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன தடவை ஜாம் வழிந்து தட்டில் கருகியதாம், அடிப்பக்கம் சதசதவென்று இருந்ததாம், ஈஸ்ட் சரியில்லையோ என்று சந்தேகமாம். பாவம், ஈஸ்ட்டைத் திட்டாதே. இரண்டுமே பழத்தில் இருந்த தண்ணீர் செய்த வேலை.

நீ செய்யப் பார்த்ததற்கு இந்த ஊரில் கொலாச்சி என்று பெயர். செக் நாட்டுப் பண்டம். அந்த மொழியில் ‘கொலோ’ என்றால் சக்கரம். வட்டமாக, நடுவில் குழியும் குழியில் பழமுமாக இருப்பதால் அப்படி ஒரு பெயர். 1850களிலிருந்து செக் நாட்டின் மொராவியாப் பக்கத்துக் குடியானவர்கள் டெக்சாஸுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினார்கள், இதுவும் கூடவே வந்தது. இங்கிருந்து டாலஸ் போகிற 35ஆம் நெடுஞ்சாலையில் வெஸ்ட் என்று ஒரு சிற்றூர். பெயர்தான் மேற்கு, இருப்பது மாநிலத்தின் நடுவில்! போகிற வருகிற வண்டியெல்லாம் கொலாச்சிக்காக அங்கே நிற்கும். கால்டுவெல் என்ற ஊருக்கு 1989இல் சட்டமன்றமே ‘டெக்சாஸின் கொலாச்சித் தலைநகர்’ என்று பட்டம் கொடுத்தது. வருஷா வருஷம் செப்டம்பரில் அங்கே திருவிழா. உள்ளே சாசேஜ் வைத்து மூடியதையும் இப்போது கொலாச்சி என்றே விற்கிறார்கள். செக் வீட்டுப் பாட்டிகள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது க்ளோபாஸ்னிக், வேறு பண்டம். செக் நாட்டில் கல்யாணம் என்றால் இதையே இரண்டு விரலில் எடுக்கும் அளவுக்குச் சின்னதாகச் சுட்டு, அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் முன்கூட்டியே கொடுத்தனுப்புவார்கள். ஆகவே விசேஷத்துக்கு ஏற்ற பண்டம்தான், தைரியமாகச் செய்.

முதலில் பழம். பழத்தைப் பச்சையாக நறுக்கி வைக்காதே. மாம்பழமோ அன்னாசியோ, சூடு பட்டதும் நீர் விட்டு மாவில் இறங்கும். கடை ஜாமும் உதவாது. பழத்தின் பெக்டின் என்ற பசை சர்க்கரையோடு சேர்ந்து உறைந்து நிற்பது அது, அடுப்புச் சூட்டில் இளகி ஓடிவிடும். செக்காரர்கள் உலர்ந்த பழத்தை வேகவைத்து மசிப்பார்கள், இல்லாவிட்டால் பிளம்ஸை மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சிப் ‘போவிட்லா’ என்று எடுத்து வைப்பார்கள். அதில் சர்க்கரை கிடையாது, இருந்தாலும் பேருக்குத்தான். அதனால் அடுப்பில் இளகாமல் நிற்கும்.

உனக்கு வசதியானது ப்ரூன், அதாவது உலர்ந்த பிளம்ஸ். கொட்டை எடுத்தது 250 கிராம், தண்ணீர் 250 மி.லி. சிறு தீயில் இருபது நிமிஷம் மூடி வேகவிட்டு, மத்தால் கடை. அதற்கப்புறம்தான் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும், கால் தேக்கரண்டி பட்டைத்தூளும், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும். சர்க்கரையை முதலிலேயே போட்டால் பழம் சீக்கிரம் இளகாது; மசிய நேரம் பிடிக்கும். உலர்ந்த ஆப்ரிகாட் என்றால் ராத்திரியே ஊறவைத்து அந்தத் தண்ணீரிலேயே வேகவிடு. அது புளிப்பு, 250 கிராமுக்கு 80 கிராம் சர்க்கரை பிடிக்கும். மாம்பழம்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், அரை கிலோ கூழை 200 கிராமாகும்வரை அடிகனமான பாத்திரத்தில் கிளறு.

பதம் பார்ப்பது இப்படி. அல்வா போலச் சுருண்டு கரண்டியோடு வரவேண்டும். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து ஐந்து நிமிஷம் விடு. குவியலைச் சுற்றி ஈர வளையம் கசிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, திரும்ப அடுப்பில் ஏற்று. வளையமே இல்லாமல் வைத்தது வைத்தபடி நின்றால் இறக்கலாம். இந்த ஐந்து நிமிஷத்துக்குச் சோம்பல்பட்டால் போன தடவை கதைதான். நன்றாக ஆறியபிறகே வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் அடியிலுள்ள மாவு அங்கேயே இளகி உட்கார்ந்துவிடும்.

பன்னீரும் ஒரு தட்டு செய்யலாம். அவர்கள் ‘த்வாரோ’ என்று சொல்கிற பாலாடைக்கு நம் பன்னீர்தான் கிட்டத்தட்ட வரும். வீட்டில் திரித்த 250 கிராம் பன்னீர், வடிகட்டிய தயிர் 50, சர்க்கரை 50, ஒரு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி மைதா, எலுமிச்சைத் தோல் துருவல், எல்லாம் மிக்சியில் ஒரு சுற்று. இது மட்டும் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும், நம் ஊர்ச் சூட்டில் தாங்காது. கசகசாவும் அவர்களுக்கு உயிர். அவர்களுடையது நீலக் கறுப்பு, நம்முடையது வெள்ளை. ருசியில் கொஞ்சம் சாது. சிங்கப்பூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாருக்குக் கசகசா வைத்ததைக் கட்டிக் கொடுத்துவிடாதே; அங்கே கொண்டுபோகத் தடை.

இப்போது மாவு. 24 பன்னுக்கு மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, சர்க்கரை 75, உப்பு 6, காய்ச்சி ஆறிய பால் 220 மி.லி., முழு முட்டை ஒன்று, மஞ்சள் கரு இரண்டு, வெண்ணெய் 100 கிராம். உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் உப்பை 4 கிராமாகக் குறை. அளவுக் கப்பை ஓரம் கட்டிவிட்டுத் தராசை எடு. மைதாவைக் கப்பில் அமுக்கி அள்ளுவதற்கும் தளர அள்ளுவதற்கும் 30 கிராம்கூட வித்தியாசம் வரும்.

பால் மணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், 38 டிகிரி போதும். 55, 60ஐத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். வெண்ணெய் தவிர மற்றதையெல்லாம் கலந்து கால் மணி நேரம் மூடிவை. மாவு தானாகவே பாதி பிசைந்துகொள்ளும். பிறகு எட்டு நிமிஷம் பிசைந்து, இளகிய வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து இன்னும் எட்டு நிமிஷம். வெண்ணெயை முதலிலேயே கொட்டினால் கொழுப்பு மைதாவைப் பூசிக்கொண்டு, மாவில் இழுவை பிடிக்க விடாது. வெண்ணெய் விழுந்ததும் மாவு பிசுபிசுத்துக் கையெல்லாம் ஒட்டும். இங்கேதான் எல்லோரும் பயந்துபோய் மைதாவை அள்ளிப் போடுகிறார்கள். போடாதே! ஒரு பிடி கூடினாலும் மறுநாள் பன் தொண்டையை அடைக்கும். பரோட்டா மாவைவிட ஒரு படி இளக்கமாகவே இருக்கட்டும், பிசையப் பிசைய வழிக்கு வரும். ஒரு துண்டை விரலால் விரித்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக நிற்பது பதம்.

கோயம்புத்தூரில் இப்போது ஒன்றேகால் மணி நேரத்தில் இருமடங்காகும். சித்திரையில் முக்கால் மணி போதும், அப்போது ஈஸ்ட்டையும் 5 கிராமாகக் குறைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார். மைதா தொட்ட விரலால் அழுத்தினால் குழி மெல்ல, பாதிதான் திரும்ப வேண்டும். சட்டென்று எழுந்தால் போதாது. எழவே இல்லையென்றால் தாண்டிப்போயிற்று.

விசேஷ நாளில் உனக்கு இதற்கெல்லாம் நேரமிருக்காது. முந்தின ராத்திரியே பிசைந்து, அரை மணி வெளியில் வைத்துவிட்டு, பெரிய டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். வெண்ணெய் இறுகியிருப்பதால் காலையில் உருட்டுவதும் சுலபம். பழக் கலவையை இரண்டு மூன்று நாள் முன்பே செய்து வைத்துக்கொள்.

உருண்டை 41 கிராம். எண்ணெய் தொட்ட கையால் இறுக்கமாக உருட்டித் தட்டில் அடுக்கு. நான்கு செ.மீ. இடைவெளி விட்டால் முழு வட்டம் கிடைக்கும். டெக்சாஸ் பேக்கரிகளில் நெருக்கி அடுக்குவார்கள், ஒன்றோடொன்று ஒட்டிச் சதுரமாக வரும், பக்கங்கள் பஞ்சாக இருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். மேலே உருக்கிய வெண்ணெய் தடவி மூடிவை. முக்கால் மணி, ஃப்ரிட்ஜ் மாவென்றால் ஒன்றேகால் மணி.

உப்பிய பிறகுதான் குழி. இதை அடிக்கோடு போட்டுக்கொள். உருட்டிய கையோடு குழி போட்டால் குழியின் தரையும் சேர்ந்து உப்பி மேடாகி, பழத்தை வெளியே தள்ளிவிடும். நான்கு செ.மீ. அகலமுள்ள சின்ன டம்ளரின் அடியை மைதாவில் தொட்டு, நடுவில் நேராக, அடித்தட்டு தட்டுப்படும்வரை அமுக்கு. சுற்றிலும் ஒரு செ.மீ. வரப்பு நிற்க வேண்டும். வரப்பு சப்பென்று இறங்கினால் மாவு அதிகம் உப்பிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொன்றிலும் 18, 20 கிராம் பழம். ஆசைப்பட்டு அதற்குமேல் வைக்காதே.

மேலே தூவ ‘போசிப்கா’ என்று ஒன்று. மைதா 60, சர்க்கரை 60, குளிர்ந்த வெண்ணெய் 40 கிராம், விரல் நுனியால் பிட்டுக்கு உதிர்ப்பதுபோல உதிர்த்தால் ஆயிற்று. கைச்சூட்டில் பிசினாகிவிட்டால் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்ப உதிர்.

பழம் வைத்தபின் பத்து நிமிஷம் விட்டு, முன்பே சூடேற்றிய அடுப்பில் 190 டிகிரியில் 14 முதல் 16 நிமிஷம். மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரியட்டும், நடுத் தட்டில் வை. ஓடிஜி மின்னடுப்பின் குமிழை நம்பாதே, 20 டிகிரி பொய் சொல்லும். உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். மேலே சிவந்ததைப் பார்த்து ஏமாந்துபோகாமல், ஒன்றைத் தூக்கி அடியைப் பார். அடியும் பொன்னிறமாக வேண்டும். எடுத்த கையோடு வரப்பில் வெண்ணெய் தடவினால் மேல்தோல் மிருதுவாக நிற்கும்.

உன் அடுப்பில் ஒரு தட்டுக்கு ஒன்பது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 24ஐயும் ஒரே நேரத்தில் உருட்டாதே. முதல் தட்டு வேகிறபோது மூன்றாவது அளவுமீறி உப்பிவிடும். மாவில் முதல் பங்கை உருட்டி, இருபது இருபது நிமிஷ இடைவெளியில் அடுத்ததை ஃப்ரிட்ஜிலிருந்து எடு. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் 48 வேண்டுமென்றால் மாவை இரண்டு தடவையாகப் பிசை. ஒரு கிலோ மைதாவைக் கையால் பிசைவது லேசில்லை.

அரை மாவை எடுத்து இனிப்புச் சுருளாகவும் செய்யலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். 25க்கு 36 செ.மீ. அளவில் தேய்த்து, மெலிதாக 200 கிராம் பழம் தடவி, எதிர் ஓரத்தில் இரண்டு செ.மீ. விட்டுவிடு. தளர்வாகச் சுருட்டு. இறுக்கினால் நடுப்பகுதி கோபுரமாக எழுந்து நிற்கும். கத்தி நசுக்கும், நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்காக இழுத்தால் மூன்று செ.மீ. துண்டுகள் பன்னிரண்டு சுத்தமாக வரும். தடிமன் அதிகம் என்பதால் 175 டிகிரியில் 22 முதல் 25 நிமிஷம். 100 கிராம் பொடித்த சர்க்கரையில் ஒன்றரை மேசைக்கரண்டி பால் கலந்து, சூடு தணிந்து வெதுவெதுப்பாகும்போது ஊற்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் எல்லாம் உள்ளே இறங்கிக் காணாமல் போகும்.

அத்தை முட்டை சாப்பிட மாட்டார்கள் இல்லையா? அவர்களுக்குத் தனியாக, பாதி அளவு மாவில் முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 40 கிராமும் பால்பவுடர் ஒரு மேசைக்கரண்டியும் சேர். நிறம் கொஞ்சம் வெளுப்பாக வரும், அதனால் அடுப்பில் வைக்கும் முன் வரப்பில் பால் தடவு. பழம் வைத்ததை அன்றைக்கே சாப்பிட்டால்தான் ருசி. மிஞ்சினால் முழுக்க ஆறவிட்டு ஃப்ரீசரில் போடு, வேண்டியபோது 150 டிகிரியில் பத்து நிமிஷம்.

உன் ஓடிஜி எத்தனை லிட்டர், கறுப்புத் தட்டா அலுமினியத் தட்டா என்று உடனே எழுது. கறுப்பென்றால் அடி சீக்கிரம் சிவக்கும், 10 டிகிரி குறைக்க வேண்டியிருக்கும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ஆறே ஆறு மட்டும் சுட்டுப் பார், அதில் ஒன்றை நடுவில் வெட்டிப் படமெடுத்து அனுப்பு. குழியின் அடியைப் பார்த்தால் மற்றதைச் சொல்லிவிடுவேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பேரனுக்கு முத்தம்.

உன்
மல்லிகா