'மூன்றாம் சங்கு' கதையைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் சென்ற மாதம் வெளிவந்த 'மூன்றாம் சங்கு' சிறுகதையை எழுதியவள் நான். கதைக்கு இடமளித்தமைக்கு என் நன்றி. அதைப் படித்தவர்கள் தங்கள் மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கதை வெளிவந்த அன்று காலையிலிருந்தே கைப்பேசியில் வாழ்த்துகள் வரத் தொடங்கின. 'அருமை', 'தொடர்ந்து எழுதுங்கள்', கைகூப்பும் படம், பூங்கொத்துப் படம். அனுப்பியவர்களின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், நான்கு மாதம் உட்கார்ந்து ஏழு முறை திருத்தி எழுதிய கதை படித்தவருக்குள் என்ன செய்தது, எங்கே அலுப்புத் தட்டியது, எந்த இடத்தில் 'இது நடக்காது' என்று தோன்றியது என்பதையெல்லாம் அந்த வாழ்த்துகளிலிருந்து என்னால் தெரிந்துகொள்ள இயலவில்லை.

எனக்கு உண்மையில் உதவியவர் சிங்கப்பூர்த் தேக்கா ஈரச்சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. உடன் வந்திருந்த என் தோழி, கதை எழுதியவர் இவர்தான் என்று சொன்னதும், காயைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, எழுபத்தெட்டுல கோயில் ஈசூன்ல எங்க இருந்துச்சு? கேன்பரா ரோட்டுலல்ல இருந்துச்சு! நானே பால்குடம் எடுத்திருக்கேன்" என்றார். அவர் சொன்னதே சரி. செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் தொழிலாளர்கள் எழுப்பிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் 1996இல்தான் ஈசூனில் இப்போதுள்ள இடத்திற்கு வந்தது. நானோ, 1978ஆம் ஆண்டுப் பங்குனி உத்திரத்தன்று என் கதைநாயகரை ஈசூன் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தேன். ஏழு முறை திருத்தியும் என் கண்ணில் படாத பிழை அது. அந்த ஆண்டுகளை வாழ்ந்து கடந்தவருக்கு அது ஒரே வாசிப்பில் தட்டுப்பட்டது. அவர் என்னைப் பாராட்டவில்லை. ஆனால், அவ்வளவு கவனமாக என் கதையைப் படித்திருக்கிறார் என்பதில் எனக்குக் கிடைத்த மனநிறைவு பெரிது.

கதையின் முடிவைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. கடற்படைத் தளத்திலும் பின்னர் அங்கே அமைந்த கப்பல் பட்டறையிலும் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர், மகளின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் விடியற்காலையில் விழித்துக்கொண்டு, எப்போதோ நின்றுபோன ஆலைச் சங்குக்காகக் காத்திருக்கிறார். 'தூரத்தில் சங்கு ஊதியது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்' என்று கதை முடிகிறது. கடலில் ஏதோவொரு கப்பல் எழுப்பிய ஒலியை அவர் பழைய சங்கொலியாக எடுத்துக்கொண்டார் என்பதே நான் நினைத்தது. ஆனால், என்னுடன் பணிபுரியும் ஒருவர், "பெரியவர் இறந்துவிட்டார் அல்லவா?" என்று கேட்டபோது திகைத்துப் போனேன். சாவு வீட்டிலும் சங்குதானே ஊதுகிறார்கள்! கதை முழுவதும் சங்கு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய எனக்கு, தமிழர் காதில் அச்சொல் இன்னொன்றையும் சேர்த்தே ஒலிக்கும் என்பது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றுவரை விளங்கவில்லை. நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? அவர் இறந்துவிட்டதாகவே பலரும் எடுத்துக்கொண்டிருந்தால், கடைசிப் பத்தியை நான் மாற்றி எழுத வேண்டியிருக்கும். அல்லது அந்த இரட்டைப் பொருளே கதைக்கு வலு சேர்க்கிறது என்று நீங்கள் கருதினால், அதை அப்படியே விட்டுவிடவும் எனக்குத் தயக்கமில்லை.

பிரிட்டன் 1971 இறுதிக்குள் தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக 1968 ஜனவரியில் அறிவித்தபோது தொழிலாளர் குடும்பங்களில் ஏற்பட்ட கலக்கத்தைக் கதையின் நடுவில் சற்று நீட்டியே எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதி இளையோருக்கு வரலாற்றுப் பாடம்போல் இருந்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன். பேரனின் பேச்சில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருந்தது வாசிப்புக்குத் தடையாக இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இப்படிக் கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு 'ரசனை வகுப்பு' நடத்தி, கதையைப் படித்து எடைபோடும் பழக்கத்தை வாசகர்களிடையே வளர்க்க முயன்றது. அதே காலத்தில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய எழுத்தாளர் கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டி எழுதுபவர்களின் கதைகளை அவர்கள் முன்னிலையிலேயே அலசச் செய்தார். குறை சொன்னால் மனம் புண்படுமே என்று இன்று நாம் தயங்குகிறோம். எழுதுபவரும் படிப்பவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே இருக்கும் சிறிய ஊரில் அந்தத் தயக்கம் இயல்பானதுதான். என் கதையைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் வேண்டாம் என்று உறுதியாகவே கேட்டுக்கொள்கிறேன். கடிதங்கள் வந்தால் அவற்றுள் சிலவற்றையாவது வாசகர் கடிதப் பகுதியில் வெளியிடுமாறு தங்களையும் வேண்டுகிறேன். என் கதையைத் தாக்கி எழுதப்பட்டவற்றுக்கே முதலிடம் கொடுத்தாலும் நல்லது.

இவ்வாண்டு இறுதியில் இக்கதை என் முதல் தொகுப்பில் இடம்பெறவிருக்கிறது. அதற்குள் திருத்த வேண்டியதைத் திருத்திவிட நினைக்கிறேன். கோயில் காட்சியை ஏற்கெனவே மாற்றி எழுதிவிட்டேன்.

கடைசியாக, செம்பவாங் தளத்தில் வேலை செய்தவர்களிடமும் அங்கே குடியிருந்த குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். காலையில் மூன்று முறை சங்கு ஊதும், மூன்றாவது ஊதியபின் வருபவருக்கு அரைநாள் சம்பளம் போய்விடும் என்று என் தந்தை சொல்லக் கேட்டே கதைக்கு அந்தத் தலைப்பை வைத்தேன். இரண்டு முறைதான் ஊதும் என்று அண்மையில் ஒருவர் சொன்னார். தந்தை இப்போது இல்லை. மூன்றா, இரண்டா என்பதை அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரேனும் எழுதுங்கள். தலைப்பை மாற்ற நேர்ந்தாலும் மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
'மூன்றாம் சங்கு' கதையாசிரியர்,
உட்லண்ட்ஸ்