இலக்கை எழுதியதும் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த இலக்குகளை வகுத்துக்கொள்ள என்.எல்.பி. எனப்படும் நரம்பு-மொழி நிரலாக்கப் பயிற்சியைப் பலரும் நாடுகிறார்கள். 1970களில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில் ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜான் கிரிண்டரும் உருவாக்கிய முறை இது. இதில் இலக்கைச் சோதிக்கும் சில கேள்விகள் உண்டு. மிக முக்கியமான கேள்வியைத்தான் பயிற்சி வகுப்புகள் அவசரமாகத் தாண்டிப் போகின்றன.

'இனி ராத்திரியில் கைபேசி பார்க்கக் கூடாது' என்ற தீர்மானத்தையே எடுத்துக்கொள்வோம். 'கூடாது' என்று முடியும் வாக்கியம், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று சொல்வதில்லை. வேண்டியதைச் சொல்லும் வாக்கியமாக மாற்றுவது முதல் வேலை. 'நன்றாகத் தூங்குவேன்' என்றாலும் சரிப்படாது. தூக்கம் வருவது நம் கையில் இல்லை, படுப்பது நம் கையில் இருக்கிறது. 'திங்கள் முதல் வெள்ளி வரை, 10.30 மணிக்குக் கைபேசியை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, விளக்கை அணைத்துப் படுக்கிறேன்.' இதில் நாள், நேரம், இடம் எல்லாம் வந்துவிட்டன. நடந்ததா என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சான்றும் உண்டு: கைபேசி அடுத்த அறையில் இருக்கிறதா, இல்லையா? ஐந்தில் எத்தனை இரவு என்று நாட்காட்டியில் கோடு போட்டால் போதும்.

இனிதான் அந்த முக்கியமான கேள்வி: இது நடந்தால் எதை இழப்பேன்? நாள் முழுக்கப் பிறருக்காக ஓடியவருக்கு, கைபேசியோடு கழியும் அந்த அரை மணி நேரம்தான் தனக்கென்று கிடைக்கும் ஒரே பொழுது. ஈடாக எதையும் வைக்காமல் அதைப் பிடுங்கினால், சில நாள்களில் கை தானாகக் கைபேசியைத் தேடும். மன உறுதி போதவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். ஆனால் பிழை, இலக்கை வகுத்த விதத்தில் இருக்கிறது. 10 மணியிலிருந்து 10.30 வரை யாரும் குறுக்கிடாத வேறொரு பொழுதை, பாட்டோ புத்தகமோ, முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் கைபேசியை நகர்த்த வேண்டும். வீட்டில் யாருக்காவது அந்த நேரத்தில் அழைக்க வேண்டிய தேவை இருந்தால், அதற்கும் வழி செய்துவிட வேண்டும்.

வென்ற காட்சியை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கமும் ஆபத்தானது. இனிய கற்பனை மட்டும் முயற்சியைத் தளர்த்துகிறது என்று உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டுகின்றன. தடையையும் சேர்த்தே ஒத்திகை பார்க்க வேண்டும்: '10.30க்குக் குறுஞ்செய்தி வந்தால், காலையில் பார்ப்பேன் என்று வைத்துவிடுவேன்.' இப்படி 'வந்தால், செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

என்.எல்.பி.யின் எல்லா உரிமைகோரல்களுக்கும் இப்படி ஆதாரம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். கண் அசையும் திசையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற கூற்றை 2012இல் சோதித்தபோது அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 21 நாளில் பழக்கம் படியும் என்ற வாக்கையும் நம்ப வேண்டாம். 2010இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் ஒரு பழக்கம் படிய எடுத்த காலம் சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. மூன்றாம் வாரத்தில் கைவிடுகிறவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லியிருந்தாலே பலர் தொடர்ந்திருப்பார்கள்.

இலக்கை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள் மற்ற எல்லாரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்று சொல்லப்படும் 1953ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழக ஆய்வு, நடந்ததே இல்லை. சுயமுன்னேற்றப் பக்கங்களில் அந்தக் கதை வந்தால் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'எதை இழப்பேன்' என்ற கேள்வியை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்