மணல் சவாரி: சாவிக்கு முன் பெல்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் திடல்களில், கம்பிக் கூண்டு போட்ட நாலு சக்கர வண்டிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது பெருகிவிட்டது. விடுமுறையில் குடும்பத்தோடு வருபவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வண்டி காரைப் போல் தாழ்ந்து நிற்பதல்ல. வேகத்தில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் வெளிப்பக்கச் சக்கரம் மணலில் புதைந்து கவிழும். கவிழும்போது கை, கால் தன்னிச்சையாக வெளியே நீளும். கூண்டுக் கம்பி அவற்றின் மேலேயே விழுவதால்தான் எலும்பு நொறுங்குகிறது. பெல்ட் வயிற்றில் தளர்ந்து கிடக்காமல் இடுப்பெலும்பில் இறுக வேண்டும். கை, கால் வெளியே போகாமல் தடுக்கும் பக்க வலையும் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை, மற்றவர் கைப்பிடியை விடவே கூடாது.

முதுகு சீட்டில் ஒட்டியபடி பாதம் தரையில் படியாத குழந்தையை ஏற்றாதீர்கள். மடியில் வைப்பது அதைவிட ஆபத்து. ஓட்டுபவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். துப்பட்டாவை முடிச்சிட்டு உள்ளே செருகுங்கள். அதன் நுனி சுழலும் அச்சில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

மேட்டில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி, நேராக இறங்குங்கள். பாதியில் நின்றுபோனால் திருப்பாதீர்கள். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து நேர் பின்னாகவே வாருங்கள்.

வாடகைக்கு விடுவோர் இவற்றை 5 நிமிடம் செய்துகாட்டிய பிறகே சாவியைத் தரட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடும் கடற்கரை மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம்.

– வாசகர், திருவான்மியூர், சென்னை